நாலு டயரைப் பெரிசாக்கியாச்சு... ஸ்டெப்னியை எங்கே மாட்டுவீங்க?

அடுத்த முறை சிக்னலில் உங்களுக்கு முன்னால் ஒரு தாரோ ஜிம்னியோ நின்றால், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியைப் பாருங்கள். அப்படியே கண்ணைக் கீழே இறக்கி, தரையில் நிற்கும் டயர்களையும் பாருங்கள். சில வண்டிகளில் கீழே இருக்கும் நான்கும் முரட்டு டயர்களாக இருக்கும். மேலே தொங்குவது மட்டும் ஷோரூமிலிருந்து வந்த அதே பழைய, சின்ன டயர்.

இன்னும் சில வண்டிகளில் ஐந்துமே முரட்டு டயர்தான். ஆனால், பின்கதவு லேசாகத் தொங்கிப்போய், ஒவ்வொரு வேகத்தடையிலும் 'டக் டக்' என்று சத்தம் போடும். மூன்றாவது ரகமும் உண்டு. அதில் ஸ்டெப்னியே இருக்காது. மாட்ட இடமில்லாமல் வீட்டு கார் ஷெட்டில் படுத்திருக்கும்.

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். டயர் கடையில் 'நாலு டயர் என்ன விலை?' என்று கேட்டவர்கள், 'ஐந்தாவதை எங்கே வைப்பது?' என்று கேட்கவில்லை. குடும்பத்தோடு மலை ஏறும் வண்டியில் இது சாதாரண விஷயமில்லை. சிக்னல் கிடைக்காத மலைப்பாதையில், இருட்டும் நேரத்தில் டயர் கிழிந்தால், உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அந்த ஐந்தாவது சக்கரம்தான்.

பெரிய டயர் போட்டவர்களும், போடலாமா என்று யோசிப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

'ஸ்டெப்னி' என்ற பெயர் எப்படி வந்தது?

ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இருக்கும் லனெத்லி என்ற ஊரில் 'ஸ்டெப்னி ஸ்ட்ரீட்' இருக்கிறது. அந்தக் காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதன் மேல் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்து அதைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு ஓட்டிப்போகலாம்.

அவர்கள் கடை வைத்திருந்த தெருவின் பெயரே அந்தச் சக்கரத்துக்கும் வந்துவிட்டது. பிரிட்டனில் இன்று அந்தச் சொல் அநேகமாக மறைந்துவிட்டது. நம் ஊரில் லாரி டிரைவர் முதல் பஞ்சர் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அது இன்னும் ஸ்டெப்னிதான்.

பெரிய டயர்... எவ்வளவு பெரியது?

டயரின் பக்கவாட்டில் '245/75 ஆர்16' என்பதுபோல ஒரு எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த மூன்றையும் வைத்து டயரின் மொத்த உயரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

16 இன்ச் ரிம் உள்ள தாரில் வரும் 245/75 ஆர்16 டயரின் உயரம் சுமார் 774 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 285/75 ஆர்16 போட்டால் உயரம் சுமார் 834 மி.மீ ஆகிவிடும். 60 மி.மீ கூடுதல் உயரம், 40 மி.மீ கூடுதல் அகலம். ஆஃப்ரோடு பிரியர்கள் '33 இன்ச்' என்று செல்லமாகச் சொல்வது இந்த அளவைத்தான்.

ஜிம்னியில் நிறுவனம் தருவது 195/80 ஆர்15. உயரம் 693 மி.மீ. பலர் மாற்றும் 235/75 ஆர்15 டயரின் உயரம் சுமார் 734 மி.மீ.

இதில் லாபம் இல்லாமல் இல்லை. டயரின் உயரம் 60 மி.மீ கூடினால், வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 30 மி.மீ கூடுதலாக உயரும். கல், பள்ளம், சேறு எல்லாவற்றையும் வண்டி சுலபமாகத் தாண்டும். பார்க்கவும் கம்பீரமாக இருக்கும்.

ஆனால், அதே 60 மில்லிமீட்டர் பின்கதவிலும் வந்து உட்காரும். கீழே பம்பரில் இடிக்கும். மேலே கண்ணாடியை இன்னும் கொஞ்சம் மறைக்கும். அகலமான டயர் என்பதால் வெளியேயும் துருத்திக்கொண்டு நிற்கும். கூடவே எடையும் ஏறும். 33 இன்ச் அளவில் கெட்டியான ஆஃப்ரோடு டயரும் ரிம்மும் சேர்ந்தால் 35 கிலோவைச் சுலபமாகத் தாண்டும்.

'அவசரத்துக்குத்தானே... பழைய சின்ன ஸ்டெப்னியே போதாதா?'

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். முன்சக்கரம் மட்டும் சுழலும் சாதாரண காரில், சின்ன ஸ்டெப்னியைப் பொருத்தி மெதுவாகப் பஞ்சர் கடை வரை போய்விடலாம். நிறுவனங்களே அப்படிச் சில மாடல்களில் கொடுக்கின்றன. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் விஷயம் வேறு.

கணக்கைப் பாருங்கள். 774 மி.மீ டயர் ஒரு கிலோமீட்டர் போக சுமார் 411 முறை சுற்ற வேண்டும். 834 மி.மீ டயருக்கு சுமார் 382 சுற்று போதும். அதாவது, ஒரே வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 30 சுற்று அதிகமாகச் சுற்றும்.

தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டதும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் போகும் இரண்டு ஷாஃப்ட்டுகளும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசத்தைச் சரிக்கட்ட வேறு அமைப்பு கிடையாது. சேறு, மணல் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்ளும். கெட்டியான தார்ச் சாலையில் டயர் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டிலும் கியரிலும் ஏறும். ஸ்டீயரிங் கனக்கும். ஃபோர் வீலிலிருந்து வெளியே எடுக்க லீவர் வராமல் அடம்பிடிக்கும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் கியர் உடையவும் வாய்ப்பு உண்டு.

டூ வீல் டிரைவில் ஓட்டினாலும், சின்ன டயரைப் பின் அச்சில் மாட்டியிருந்தால் டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் வேலை செய்து சூடாகும். ஏ.பி.எஸ் போன்ற மின்னணு அமைப்புகளும் ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றுவதைப் பார்த்துக் குழம்பலாம்.

வேறு வழியே இல்லாமல் சின்ன ஸ்டெப்னியைத்தான் மாட்ட வேண்டும் என்றால், இதைச் செய்யுங்கள்:

- சின்ன டயர் முன் அச்சில்தான் இருக்க வேண்டும். பின் டயர் பஞ்சரானால், முன் டயர் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்டுங்கள். இரண்டு முறை ஜாக்கி போட வேண்டும்தான். ஆனால், டூ வீலில் தார், ஜிம்னி இரண்டுமே பின் சக்கரங்களால் ஓடுபவை. அதனால் பின் அச்சு சமமாக இருப்பது முக்கியம்.

- டூ வீலில் மட்டும், மெதுவாக ஓட்டுங்கள். தார்ச் சாலையில் ஃபோர் வீலைத் தொடவே வேண்டாம்.

- முதலில் கண்ணில் படும் டயர் கடையோடு அந்தச் சின்ன டயரின் வேலை முடிந்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. புது அலாய் வீலுக்கு என்று கடையில் கொடுத்த நட்டுகள் பழைய இரும்பு ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம். நட்டின் கூம்பு வடிவமும் நீளமும் ரிம்முக்கு ரிம் மாறும். பழைய ரிம்மை ஸ்டெப்னியாக வைத்திருப்பவர்கள் அதற்கான நட்டுகளையும் ஒரு பையில் போட்டு வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.

பின்கதவு படும் பாடு

'சரி, ஐந்தாவதும் பெரிய டயரே வாங்கிவிடுகிறேன்' என்று முடிவெடுத்தால், அடுத்த பிரச்னை கதவு.

ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் பாருங்கள். சுலபம். அதே பையைக் கையை முழுதாக நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடம் தாங்காது. பையின் எடை கூடவில்லை, தூரம்தான் கூடியிருக்கிறது. பின்கதவின் கீல்களுக்கும் இதே கதிதான். அகலமான டயரின் எடை கதவிலிருந்து இன்னும் வெளியே தள்ளி நிற்கிறது. எடையும் கூடி, தூரமும் கூடினால் கீல்மீது விழும் இழுவை இரண்டு வழிகளிலும் ஏறுகிறது.

இது வண்டி நிற்கும்போது. ஓடும்போது நிலைமை இன்னும் மோசம். பள்ளத்தில் இறங்கி ஏறும் அந்த நொடியில், 35 கிலோ சக்கரம் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு எடையோடு கதவை இழுக்கும். கரடுமுரடான பாதையில் இது ஒரு நாளில் ஆயிரம் முறை நடக்கும். இரும்பு ஒரே அடியில் உடையாது. திரும்பத் திரும்ப வளைத்த கம்பிபோல, களைத்துப்போய் ஒரு நாள் விரிசல் விடும்.

அறிகுறிகள் முன்கூட்டியே தெரியும். கதவை மூடும்போது லேசாகத் தூக்கி மூட வேண்டியிருக்கும். லாக் சரியாக விழாது. ரப்பர் விளிம்பு ஒரு பக்கம் விலகி, தூசியும் மழைத்தண்ணீரும் உள்ளே வரும். கீலைச் சுற்றி பெயின்ட்டில் மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளைப் 'பெயின்ட் போய்விட்டது' என்று நினைத்து டச்சப் செய்துவிடாதீர்கள். அதற்கு அடியில் தகடு விரிய ஆரம்பித்திருக்கலாம்.

இது தார், ஜிம்னியின் பிரச்னை மட்டுமில்லை. அமெரிக்காவின் ஜீப் நிறுவனம் 2021-ல் ராங்லர் ரூபிகான் மாடலுக்கு 35 இன்ச் டயர்களோடு 'எக்ஸ்ட்ரீம் ரீகான்' என்ற பேக்கேஜைக் கொண்டுவந்தது. அதில் டயரை மட்டும் மாற்றவில்லை. வண்டியை ஒன்றரை இன்ச் உயர்த்தினார்கள், அச்சின் கியர் விகிதத்தை மாற்றினார்கள், கூடவே பின்கதவையும் பலப்படுத்திக் கொடுத்தார்கள். வண்டியைத் தயாரித்தவர்களே, பெரிய ஸ்டெப்னிக்கு சாதாரண கீல் போதாது என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

எங்கே வைக்கலாம்? ஐந்து வழிகள்

*1. பின்கதவிலேயே, பலப்படுத்தி*

ஓரளவு பெரிய டயருக்கு இதுவே நல்ல வழி. கீல்களுக்குக் கூடுதல் தகடு வைத்து, எடையைக் கதவின் பெரிய பரப்புக்குப் பரப்பிவிடும் கிட்டுகள் கிடைக்கின்றன. டயர் பம்பரில் இடித்தால், ஸ்டெப்னி மாட்டும் இடத்தைச் சற்று மேலே தூக்கும் பிராக்கெட்டும் உண்டு.

கவனிக்க வேண்டியது, டயருக்குப் பின்னால் கதவில் இருக்கும் ரப்பர் தாங்கிகள். டயர் இவற்றின்மீது இறுக்கமாக அழுந்தி இருந்தால்தான் ஆடாது. புது டயரோ ரிம்மோ இந்த ரப்பரைத் தொடாமல் நின்றால், எவ்வளவு நட்டு இறுக்கினாலும் ஆட்டம் நிற்காது. அந்த ஆட்டம்தான் கீலைத் தின்னும். இடைவெளியைப் பார்த்து ரப்பரை உயரமாக்க வேண்டும்.

தெரிந்த வெல்டிங் பட்டறையில் கதவுத் தகட்டிலேயே பட்டையை வைத்து ஒட்டவைப்பது வேண்டாத வேலை. மெல்லிய தகட்டில் வெல்டிங் சூடு பட்டால், அந்த இடமே அடுத்த விரிசலுக்கு ஆரம்பமாகிவிடும்.

*2. பம்பரில் தனி ஸ்விங் கேரியர்*

இரும்பு பம்பரை சேஸிஸில் பொருத்தி, அதிலிருந்து கேட் மாதிரி திறக்கும் ஒரு கையில் டயரை மாட்டுவது. கதவுக்குச் சுமையே இல்லை, எடை நேராக சேஸிஸுக்குப் போய்விடும். 33 இன்ச்சுக்கு மேலே போகிறவர்களுக்கு இதுவே உறுதியானது.

ஆனால், பம்பரும் கேரியரும் சேர்ந்து பல கிலோ எடை. அது முழுவதும் பின் அச்சுக்கும் பின்னால் உட்காருவதால் பின் ஸ்பிரிங் இறங்கும், முன்பக்கம் லேசாகும். டிக்கியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் கேரியரைத் திறந்து, பிறகு கதவைத் திறக்க வேண்டும். கையில் குழந்தையும் காய்கறிப் பையுமாக நிற்பவர்களுக்கு இது தினசரித் தொல்லை. சட்டச் சிக்கலும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

*3. கூரைமேல் கேரியரில்*

படத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால், 35 கிலோவை வண்டியின் உச்சியில் வைத்தால், வண்டியின் மொத்த எடையின் மையமும் மேலே ஏறும். ஏற்கெனவே பெரிய டயரால் உயர்ந்திருக்கும் வண்டி, கொண்டை ஊசி வளைவில் இன்னும் அதிகமாகச் சாயும். வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் கூரை எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும். கேரியரின் எடையும் அதில் அடக்கம். கேரியரும் பெரிய ஸ்டெப்னியும் சேர்ந்தாலே அந்த எல்லை முடிந்துவிடலாம். இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள். மழையில், சரிவான ரோட்டில், தனியாக இருக்கும்போது அந்தச் சக்கரத்தை உங்களால் தலைக்கு மேலிருந்து இறக்க முடியுமா? வீட்டில் வேறு யாராவது வண்டி ஓட்டினால், அவரால் முடியுமா?

*4. வண்டிக்கு உள்ளே*

கதவுக்கும் கூரைக்கும் சுமை இல்லை, திருட்டு பயமும் இல்லை. ஆனால், இடம்? ஜிம்னியில் பின் சீட்டை மடக்காமல் இருக்கும் டிக்கி 208 லிட்டர்தான். டயர் உள்ளே வந்தால் பின் சீட்டையே மடக்க வேண்டியிருக்கும். இருவர் மட்டும் போகும் பயணத்துக்குச் சரி. குடும்பத்தோடு என்றால் சரிவராது.

உள்ளே வைத்தால், கட்டாயம் கட்ட வேண்டும். சும்மா சாய்த்துவைத்த சக்கரம், திடீர் பிரேக்கில் முன் சீட்டை நோக்கிப் பாயும். சாதாரண கயிறு வேண்டாம். ராட்செட் பெல்ட்டால், தரையில் இருக்கும் இரும்புக் கொக்கிகளோடு சேர்த்து இறுக்க வேண்டும்.

*5. வண்டிக்கு அடியில்*

ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ-என் போன்ற வண்டிகளில் ஸ்டெப்னி பின்பக்கம் அடியில் தொங்கும். இங்கே கதவுப் பிரச்னை கிடையாது. ஆனால், அந்தக் குழியின் அளவு ஒரிஜினல் டயருக்காகச் செய்தது. பெரிய டயரை அழுத்தித் திணித்தால் பம்பரிலோ, சைலன்சர் குழாயிலோ, அச்சிலோ உரசும். உட்கார்ந்தாலும் கீழே தொங்கி, பெரிய டயரால் கிடைத்த கிரவுண்ட் கிளியரன்ஸை அதுவே தின்றுவிடும். அது தொங்கும் சங்கிலியும் சுழற்றி இறக்கும் அமைப்பும் துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது இறக்கிப் பார்க்க வேண்டும்.

ஜாக்கி எட்டுமா?

ஐந்தாவது பெரிய டயரும் வாங்கி, பத்திரமாக மாட்டியும் ஆகிவிட்டது. இனி அதை மாற்ற முடியுமா? நிறுவனம் கொடுத்த ஜாக்கி, நிறுவனம் கொடுத்த டயருக்கானது. டயர் உயரமாகி, சஸ்பென்ஷனையும் தூக்கியிருந்தால், அந்த ஜாக்கி முழுதாக உயர்ந்தாலும் சக்கரம் தரையைவிட்டு எழும்பாமல் போகலாம். அடியில் செங்கல்லை அடுக்கிச் சமாளிப்பது உயிருக்கே ஆபத்து. செங்கல் எப்போது வேண்டுமானாலும் நொறுங்கும். உயரம் அதிகமுள்ள பாட்டில் ஜாக்கியும், அதற்கடியில் வைக்கக் கெட்டியான அகன்ற மரப்பலகையும் நல்லது.

பெரிய டயர் மாற்றியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டு வாசலில், ஸ்டெப்னியை ஒரு முறை முழுதாக மாற்றிப் பாருங்கள். ஜாக்கி எட்டுகிறதா, வீல் ஸ்பேனர் நட்டுக்குப் பொருந்துகிறதா, லாக் நட் போட்டிருந்தால் அதன் சாவி எங்கே, சக்கரத்தைத் தூக்க ஒருவர் போதுமா என எல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது.

பஞ்சர் கிட் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாமா?

ட்யூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், டயர் பிரஷரைக் கண்காணிக்கும் அமைப்பு, இந்த மூன்றும் இருந்தால் குறிப்பிட்ட பயணிகள் வாகனங்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2020-ல் விதியைத் தளர்த்தியது. நகரத்தில் ஆணி குத்துவதற்கு அந்த கிட் போதும். ஆனால், கூரான பாறை டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டால், அந்தக் கிழிசலைக் கிட் வைத்துச் சரிசெய்ய முடியாது. ஃபோர் வீல் டிரைவ் வண்டி போகும் பாதைகளில் அதிகம் நடப்பது இதுதான். கிட், சின்ன ஏர் கம்ப்ரசர் இரண்டும் கையில் இருக்கட்டும். அவை ஸ்டெப்னிக்குத் துணை மட்டும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி புத்தகத்தில் பதிவான, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வாகனங்களில் இரும்பு கிராஷ் கார்டுகளைப் பொருத்துவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே எழுதியிருக்கிறது. இரும்பு பம்பர், ஸ்விங் கேரியர் போடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பாதுகாப்பான வழி, உங்கள் மாடலின் வேறு வேரியன்ட்டில் நிறுவனமே தரும் டயர் அளவோடு நிறுத்திக்கொள்வது. தாரில் 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என இரண்டு அளவுகளை நிறுவனமே கொடுத்தது. இரண்டுக்கும் உயரத்தில் 15 மி.மீதான் வித்தியாசம். இப்படி மாறினால் பின்கதவு, ஜாக்கி, ஸ்பீடோமீட்டர் எதிலும் பெரிய தலைவலி இருக்காது.

ஸ்டெப்னி எங்கே இருந்தாலும் நம்பர் பிளேட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றையும் அது மறைக்கக் கூடாது. மாற்றங்களை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் கேட்கும்போது அதையே காரணம் காட்டி மறுக்க வாய்ப்பிருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது பின்னால் வருகிறவர்கள். ஹைவேயில் கழன்று விழும் 35 கிலோ சக்கரம் ஒரு பைக்கில் மோதினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

மாதம் ஒரு முறை, பத்தே நிமிடம்!

- பின்கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்து ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு ஆடினால் கீல் தேய்கிறது என்று அர்த்தம்.

- ஸ்டெப்னியை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குங்கள். கதவோடு சேர்ந்துதான் அசைய வேண்டும். தனியாக ஆடினால் நட்டையும் ரப்பர் தாங்கிகளையும் பாருங்கள்.

- கீல், லாக், பிராக்கெட் மூன்றையும் சுற்றி விரிசலோ துருவோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கரடுமுரடான பயணம் போய்வந்த மறுநாளும் இதைச் செய்யுங்கள்.

- காற்று நிரப்பும்போது ஐந்து டயருக்கும் நிரப்பச் சொல்லுங்கள். ஸ்டெப்னியில் காற்று இல்லாதது தெரியவருவது பெரும்பாலும் அது தேவைப்படும் அன்றுதான்.

- டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். '2323' என்றால் 2023-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஓடாமல் வெயிலில் தொங்கும் டயரும் வயதாகி வெடிப்பு விடும்.

- டயர் ரொட்டேஷன் செய்யும்போது ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுழற்றுங்கள். ஐந்தும் ஒரே மாதிரி தேயும். புது டயருக்கும் நன்றாகத் தேய்ந்த டயருக்கும் உயரத்தில் 10 மி.மீக்கு மேல் வித்தியாசம் வரலாம். ஃபோர் வீலில் அதுவும் ஒரு சுமைதான்.

ஐந்தாவது டயருக்கு பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஒரு வழி இருக்கிறது. ஸ்டெப்னி அதே பிராண்டாகவோ, அதே முரட்டு டிசைனாகவோ இருக்க வேண்டியதில்லை. உயரம் ஒன்றாக இருந்தால் போதும். அதே அளவில் விலை குறைவான சாதாரண ரோடு டயரை இரும்பு ரிம்மில் போட்டு வைத்துக்கொள்ளலாம். எடையும் ஓரளவு குறையும்.

பெரிய டயர் போடுவது அவரவர் ஆசை. போடுவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்து, பின்கதவில் ஸ்டெப்னி மாட்டும் போல்ட்டின் நடுவிலிருந்து பம்பர் வரை அளந்து பாருங்கள். உங்களுக்குப் பிடித்த டயரின் உயரத்தில் பாதி, அந்த இடைவெளிக்குள் அடங்குகிறதா? அடங்காவிட்டால், ஸ்டெப்னிக்கு வேறு இடம் தேட வேண்டும், அல்லது டயர் அளவை ஒரு படி குறைக்க வேண்டும். அந்த முடிவை எடுத்துவிட்டு டயர் கடைக்குப் போங்கள். போனதும் நாலு டயருக்கு விலை கேட்காதீர்கள். ஐந்துக்குக் கேளுங்கள்!